என் ஓவிய ஆசிரியரும் எங்கள் ஊர்க் கரடும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்

கலைகள் அறுபத்து நான்கு என்பர் நம் முன்னோர். அவற்றுள் ஓவியமும் ஒன்று. ஆயினும் பள்ளிக்கூடத்துக் கால அட்டவணையில் அந்த ஒன்றுக்குக் கிடைக்கும் இடம் வாரத்திற்கு ஒரு பாடவேளைதான். தேர்வு நெருங்கினால் அந்த ஒரு வேளையையும் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வார். அதற்காக நாம் யாரும் வருந்தியதில்லை. ஓவிய வகுப்பு என்றால் கொஞ்சம் பேசலாம், கொஞ்சம் சிரிக்கலாம், பூந்தொட்டி ஒன்றை வரைந்து வண்ணம் தீட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்பதே நம்மில் பலருடைய எண்ணம். என் எண்ணமும் அதுவாகவே இருந்தது.

சென்ற ஆண்டுத் தீபாவளி விடுமுறையில் அந்த எண்ணம் மாறியது. எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் எனக்கு ஓவியம் கற்பித்த ஆசிரியர் 2022-இல் ஓய்வு பெற்றவர். பக்கத்து ஊர்க்காரர். ஐப்பசி மழையில் அவருடைய ஓட்டு வீடு ஒழுகத் தொடங்கியது. பரண்மேல் இருந்த இரண்டு தகரப் பெட்டிகளையும் இறக்கி, உள்ளே இருந்த படங்களை உலர்த்தி, ஆண்டுவாரியாக அடுக்கித் தர ஆள் வேண்டும் என்றார். நான் போனேன். ஒரு நாள் வேலை என்று நினைத்தேன்; நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளில் ஐயா தம் அனுபவங்களாகச் சொன்னவற்றையும், வேதியியல் மாணவன் என்ற முறையில் அவற்றில் நான் கண்டவற்றையும் இக்கட்டுரையில் எழுத முற்படுகிறேன்.

நிலமும் பொழுதும்

பெட்டிகளில் இருந்தவை முந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள். மனித உருவங்கள் மிகக் குறைவு. தெய்வப் படங்கள் இல்லவே இல்லை. வயல், கண்மாய், பனை வரிசை, திண்டுக்கல் மலைக்கோட்டை, வைகை மணல் என்று எல்லாமே நிலக்காட்சிகள். அவற்றிலும் பாதிக்குமேல் ஒரே காட்சி: எங்கள் ஊருக்கு மேற்கே இருந்த கரடு. கரடு என்றால் மரமடர்ந்த மலையன்று. பாறையும் புதரும் மண்டிய சிறு குன்றையே எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வோம். ஐயாவின் வீட்டுத் திண்ணையிலிருந்து கிழக்கே பார்த்தால் முதலில் கரடு, அதற்கும் அப்பால் வெகு தூரத்தில் சிறுமலைத் தொடர் தெரியும்.

"ஒரே கரட்டை எதுக்கு சார் இத்தனை தடவை வரைஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"ஒரே கரடுன்னு யாருப்பா சொன்னது? காலையில பார்த்தது சாயங்காலம் இருக்காது" என்றார்.

இவ்விடத்தில் தமிழிலக்கணம் என் நினைவுக்கு வந்தது. முதற்பொருள் எனத் தொல்காப்பியர் வகுப்பவை நிலம், பொழுது ஆகிய இரண்டு. மரமும் விலங்கும் பறவையும் அதன் பின்னர்தான். நிலக்காட்சி ஓவியனுக்கும் இதுவே இலக்கணம் எனலாம். நிலத்தை மட்டும் வரைந்தால் அது வரைபடம். பொழுதையும் சேர்த்து வரைந்தால்தான் ஓவியம். பிரான்சு நாட்டு ஓவியர் செசான் தம் ஊரருகே இருந்த செயின்ட் விக்டோயர் என்னும் ஒரே மலையை எண்ணெய் வண்ணத்திலும் நீர்வண்ணத்திலும் பல பத்து முறை வரைந்தார். 1906-இல் மறையும் ஆண்டுவரை அவர் அந்த மலையை விடவில்லை. எங்கள் ஐயாவும் கரட்டை விடவில்லை. கரடுதான் அவரை விட்டுப் போயிற்று. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

பென்சில்

ஐயா எந்தப் படத்தையும் பென்சிலில்தான் தொடங்குவார். பேருந்துக்குக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில்கூட ஒரு படம் போட்டுவிடுவார். கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, கரட்டின் உயரத்தைக் கட்டைவிரலால் குறிப்பார். பிறகு பென்சிலைப் படுக்க வைத்து அகலத்தை அளப்பார். "உயரத்தைப்போல் அகலம் மூன்று மடங்கு" என்பது தெரிந்தால் பாதிப் படம் முடிந்தது என்பார். நாங்கள் வரைந்தால் கரடு எப்போதும் கோபுரம்போல் கூராக எழும்பும். மலை என்றால் முக்கோணம் என்று மனம் முடிவு செய்துவிடுகிறதல்லவா! "மனசுல இருக்கிற மலையைப் போடாதே, முன்னால இருக்கிற மலையைப் போடு" என்பது வகுப்பில் அவர் அடிக்கடி சொல்லும் வாசகம்.

பென்சிலில் ஈயம் இல்லை; அதில் உள்ளது கிராஃபைட் என்பது நாம் அறிந்ததே. 1795-இல் கோன்டே என்னும் பிரெஞ்சுக்காரர் கிராஃபைட் தூளைக் களிமண்ணுடன் குழைத்துச் சூளையில் சுட்டுப் பென்சில் செய்யும் முறைக்கு உரிமம் பெற்றார். களிமண் மிகுந்தால் கோடு மெலிந்து கடினமாகும். அது எச் வகை. கிராஃபைட் மிகுந்தால் கருமையும் மென்மையும் கூடும். அது பி வகை. தொலைவில் உள்ள சிறுமலைக்கு 2எச், அருகில் உள்ள பாறை நிழலுக்கு 6பி என ஐயா பிரித்துக்கொள்வார். கார்பன் அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்து, அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால்தான் கிராஃபைட் தாளில் ஒட்டுகிறது. அழிப்பானால் அழியுமே ஒழிய, வெயிலால் அது மங்காது. 1980-இல் பள்ளிச் சிறுவனாக அவர் வரைந்த ஒரு பென்சில் படம் நேற்று வரைந்ததுபோல் இருந்தது. தாள்தான் பழுத்திருந்தது.

கரிக்கோல்

கடைக் கரிக்கோல் வாங்கப் பணமில்லாத நாளில் ஐயா தாமே கரிக்கோல் செய்தார். விரல் பருமனுக்கும் குறைந்த புளியங்குச்சிகளைப் பட்டை உரித்து, ஒரு பழைய தகர டப்பாவில் நெருக்கமாக அடுக்குவார். மூடியில் ஆணியால் ஒரு துளை இடுவார். விளிம்பைக் களிமண்ணால் பூசி அடுப்பில் வைப்பார். துளை வழியே முதலில் வெண்புகை வரும். பின்னர் அந்தப் புகையே தீப்பற்றி எரியும். புகை நின்றதும் டப்பாவை இறக்கி, ஆறிய பிறகே திறக்க வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு எல்லாம் சாம்பலாகிவிடும். ஒருமுறை அப்படியும் ஆயிற்றாம்!

நண்பர்களே, இது வேறொன்றுமில்லை. காற்றில்லாச் சூழலில் மரத்தைச் சிதைத்து வடித்தல் என்று நாம் பாடநூலில் படித்ததுதான். எரியும் வாயுக்கள் வெளியேற, கார்பன் மட்டும் குச்சியின் வடிவிலேயே எஞ்சுகிறது. காளத்திக் கலம்காரி ஓவியர்களும் துணியில் முதற்கோடு இழுக்கப் புளியங்கரியையே பயன்படுத்துகின்றனர்.

கரி தாளின் மேல் தூளாகத் தங்குமே தவிரப் பிடித்துக்கொள்ளாது, ஊதினாலும் உதிர்ந்துவிடும். அதற்கு ஐயா கண்ட வழி, தச்சர்கள் மரத்துக்குப் பூசும் பிரெஞ்சு பாலிஷ். அது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. அதை மேலும் நீர்த்து, ஊதுகுழலால் படத்தின்மேல் பனிபோலத் தெளிப்பார். ஸ்பிரிட் ஆவியாகிவிடும். மெல்லிய அரக்குப் படலம் கரித்துகளைப் பற்றிக்கொள்ளும்.

கரிக்கோலின் சிறப்பு விரைவு. கோடாகவும் இழுக்கலாம், படுக்க வைத்துத் தேய்த்தால் ஒரே இழுப்பில் ஒரு மலைச்சரிவே கிடைக்கும், விரலால் தேய்த்தால் புகைபோல் பரவும். புகை, தூசி, மூடுபனி, மழைக்கு முந்தைய வானம் இவற்றைக் கரியைப்போல் சொல்லும் பொருள் வேறில்லை என்பது அவர் அனுபவம்.

பேனாவும் மையும்

கோட்டால் மட்டுமே வெளிச்சத்தையும் நிழலையும் காட்ட வேண்டும் என்பது பேனாவின் கட்டுப்பாடு. நெருக்கமான கோடுகள் நிழல். இடைவெளிவிட்ட கோடுகள் வெளிச்சம். கோட்டின்மேல் குறுக்குக் கோடு போட்டால் இருள். அழிக்க முடியாது. ஆகவே கோடு போடுவதற்கு முன்னமே முடிவு செய்துவிட வேண்டும். பாறையின் வெடிப்புகளைப் படிக்கப் பேனாவே நல்ல ஆசான் என்பார் ஐயா.

இதில் அவருக்கு ஓர் இழப்பும் உண்டு. தொடக்கத்தில் சாதாரண ஊற்றுப்பேனா மையில் நாற்பது படங்கள்வரை வரைந்தார். ஒழுகிய மழைநீர் அந்தக் கட்டின்மேல் விழுந்திருந்தது. நான் பிரித்தபோது படங்களின் இடத்தில் நீலக் கறைகளே இருந்தன. ஊற்றுப்பேனா மை நீரில் கரையும் சாயம். பின்னாளில் அவர் பயன்படுத்திய இந்திய மையோ விளக்குப் புகைக்கரியைப் பிசினிலும் அரக்கிலும் குழைத்தது. அதே மழையில் நனைந்தும் அந்தப் படங்களில் ஒரு கோடுகூடக் கலையவில்லை. ஐயா ஒன்றும் சொல்லவில்லை. கறைபட்ட தாள்களை மட்டும் எண்ணித் தனியே வைத்தார்.

நீர்வண்ணம்

படங்களில் பெரும்பகுதி நீர்வண்ணமே. நிறமியை வேலம்பிசின் போன்ற பிசினில் குழைத்து வில்லையாக்கினால் அது நீர்வண்ணம். இதில் வெள்ளை நிறத்தைப் பூசுவதில்லை. தாளின் வெண்மையே வெளிச்சம். ஒளி மெல்லிய வண்ணப் படலத்தை ஊடுருவித் தாளில் பட்டுத் திரும்பி நம் கண்ணை அடைகிறது. அதனால்தான் அதில் ஓர் ஒளிர்வு உண்டு. வெளிச்சத்துக்கு இடம் விட்டுவிட்டே தொடங்க வேண்டும். வெளிர்நிறத்திலிருந்து கருநிறத்துக்குப் போக வேண்டும். திரும்பி வர வழியில்லை.

எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் நீர்வண்ணம் தீட்டுவது எளிதன்று. வானத்தின் ஒரு மூலையில் பூசிய நீலம் மறு மூலைக்குத் தூரிகை போவதற்குள் காய்ந்து கோடிட்டுவிடும். ஐயா தாளின் பின்புறத்தையும் நனைத்துக்கொள்வார். தண்ணீரில் இரண்டு துளி கிளிசரின் விடுவார். கிளிசரின் மூலக்கூற்றில் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் உண்டு. அவை நீரைப் பிடித்து வைப்பதால் வண்ணம் மெதுவாகக் காயும். கிளிசரினின் வாய்பாடு அவருக்குத் தெரியாது. எனக்கோ அதன் பயன் தெரியாது. அன்று இருவரும் ஒருவருக்கொருவர் ஆசிரியரானோம்.

தொலைவில் உள்ள மலை ஏன் நீலமாகத் தெரிகிறது? சிறுமலையில் உள்ள மரங்களும் பச்சைதானே? நமக்கும் மலைக்கும் இடையே உள்ள காற்றின் மூலக்கூறுகள் குறைந்த அலைநீளமுள்ள நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிக்கின்றன. சிதறல் அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் அமையும் என்று ராலே விளக்கினார். தொலைவு கூடக் கூட, சிதறிய நீலம் மலைமேல் ஒரு திரையாகப் படிகிறது. ஆகவே ஓவியன் தொலைவைக் காட்ட விரும்பினால் மலையைச் சிறிதாக வரைந்தால் மட்டும் போதாது. நீலமாக்கி, வெளிறச் செய்து, விளிம்பையும் மழுங்கச் செய்ய வேண்டும்.

அந்தச் சிறுமலைக்கு ஐயா பூசியது பிரஷ்யன் நீலம். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் தற்செயலாகக் கண்டறியப்பட்ட நிறமி அது. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1830-ஐ ஒட்டி வெளியிட்ட ஃபியூஜி மலைக் காட்சி அச்சுப்படங்களில் புகழ்பெற்ற நீலமும் இதுவே. இதை நாம் ஒவ்வொருவரும் தயாரித்திருக்கிறோம்! உப்புப் பகுப்பாய்வில் ஃபெர்ரிக் அயனியைக் கண்டறியப் பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடைச் சேர்க்கும்போது சோதனைக்குழாயில் திரண்டு நிற்கும் அடர்நீலம் எதுவோ அதுதான். குறிப்பேட்டில் "இரும்பு உள்ளது" என்று எழுதிவிட்டுத் தொட்டியில் ஊற்றிவிடுகிறோம். ஐயாவின் படத்தில் அருகே உள்ள கரட்டின் காவி நிறம் இரும்பின் ஆக்சைடு. தொலைவில் உள்ள மலையின் நீலமும் இரும்பின் சேர்மம். ஒரே உலோகம் பக்கத்தையும் தூரத்தையும் காட்டுவது எனக்குப் பெருவியப்பாக இருந்தது.

எண்ணெய் வண்ணம்

எண்ணெய் வண்ணம் விலை மிகுந்தது. ஐயா மொத்தமே பத்துப் பன்னிரண்டு படங்கள்தாம் வரைந்திருக்கிறார். நிறமியை ஆளிவிதை எண்ணெயில் அரைத்தால் எண்ணெய் வண்ணம். நீர்வண்ணத்தைப்போல் அவசரமில்லை, தவறினால் சுரண்டிவிட்டு மீண்டும் பூசலாம், வெளிர்நிறத்தைக் கருநிறத்தின்மேல் ஏற்றலாம்.

ஆளிவிதை எண்ணெய் தீர்ந்துபோன ஒரு நாளில், எண்ணெய் எல்லாம் ஒன்றுதானே என்று சமையலறையிலிருந்த கடலெண்ணெயில் நிறமியைக் குழைத்து ஒரு மழைக்காலக் கண்மாயை வரைந்தார். அழகாக வந்தது. ஆனால் காயவில்லை. வாரம் போயிற்று, மாதம் போயிற்று, காயவே இல்லை. தூசி படிந்தது. கடைசியில் எறும்பு வந்தது! அந்தப் படத்தை இன்றும் வைத்திருக்கிறார். கண்மாய் நீரில் கால் பரப்பி ஒட்டியிருக்கும் எறும்புகளைக் காட்டி, "இதெல்லாம் நான் வரைஞ்சதில்ல" என்று சிரித்தார்.

காரணம் எளிது. எண்ணெய் வண்ணம் தண்ணீர்போல் ஆவியாகிக் காய்வதில்லை. எண்ணெயில் உள்ள இரட்டைப் பிணைப்புகள் காற்றின் ஆக்சிஜனுடன் வினைபுரிந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டிப் படலமாகின்றன. இரட்டைப் பிணைப்புகளின் அளவைக் காட்டுவது அயோடின் எண். ஆளிவிதை எண்ணெய்க்கு அது ஏறத்தாழ 170 முதல் 200 வரை. கடலெண்ணெய்க்கு நூற்றை ஒட்டியே. தேங்காயெண்ணெய்க்கோ பத்துக்கும் குறைவு. அயோடின் எண் எதற்குப் பயன்படும் என்று தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாவாகக் கேட்பார்கள். அதற்கு எறும்பு ஒட்டிய அந்தக் கண்மாயே விடை.

டேனியல்களும் நம் நாடும்

காட்சியை நேரில் கண்டு வரைவது ஐயா ஒருவர் செய்த வேலையன்று. 1792-இல் ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியம் டேனியலும் தென்னாட்டில் பயணம் செய்தனர். மதுரையின் கட்டடங்களையும் பாபநாச அருவியையும் நேரில் கண்டு வரைந்தனர். பின்னர் இலண்டனில் அவற்றைச் செப்புத் தகடுகளில் செதுக்கி, 144 படங்கள் கொண்ட பெருந்தொகுப்பாக 1795 முதல் 1808 வரை வெளியிட்டனர். புகைப்படக் கருவி தோன்றாத காலத்தில் நம் நிலம் எப்படி இருந்தது என்பதற்கு இத்தகைய படங்களே இன்று சான்று.

சென்னையில் 1850-இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளி இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியாக வளர்ந்துள்ளது. மெரினாவில் உழைப்பாளர் சிலையை வடித்த தேவிபிரசாத் ராய் சௌத்ரியும், 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவிய கே.சி.எஸ். பணிக்கரும் அங்கே முதல்வர்களாக இருந்தவர்கள். எங்கள் ஐயாவுக்கு அங்கே படிக்க ஆசை இருந்தும் வாய்ப்பில்லை. அரசு ஓவியத் தேர்வுகளில் கீழ்நிலை, மேல்நிலை இரண்டும் தேறி, தொழிலாசிரியர் பயிற்சி முடித்து 1991-இல் பணியில் சேர்ந்தார்.

ஒரே மாலையின் இரண்டு படங்கள்

இனி, நான் இக்கட்டுரையை எழுதக் காரணமான செய்திக்கு வருகிறேன்.

1993-இல் ஒரு மாலைப்பொழுதில் ஐயா கரட்டை அடுத்தடுத்து இரண்டு முறை நீர்வண்ணத்தில் தீட்டினார். சாயும் வெயில் பாறைமேல் பட்டுக் கரடு முழுவதும் கனல்போல் சிவந்திருந்த நேரம். ஒரு படத்தைச் சட்டமிட்டுத் திண்ணைச் சுவரில் மாட்டினார். மற்றொன்று பெட்டிக்குள் போயிற்று. முப்பது ஆண்டுகளுக்குப் பின் நான் இரண்டையும் அருகருகே வைத்தேன். பெட்டியில் இருந்ததில் மாலை அப்படியே இருந்தது. சுவரில் இருந்ததில் சிவப்பு முழுவதும் போய்விட்டது. மாலை நண்பகலாகிவிட்டது! ஆய்வகத்தில் ஒப்பீட்டுச் சோதனை என்போமே, அதை வெயிலே முப்பது ஆண்டு நடத்தியிருந்தது.

அந்தச் சிவப்பு கடையில் வாங்கிய மலிவான வில்லை. சாயங்களிலிருந்து செய்யப்படும் கரிம நிறமிகள் பல, ஒளிபட்டு மூலக்கூறு சிதைந்து நிறமிழக்கும். 1868-இல் கிரேபே, லீபர்மான் என்னும் ஜெர்மானியர் ஆய்வகத்தில் உருவாக்கிய அலிசரினிலிருந்து கிடைக்கும் செந்நிறமும் மெல்லிய பூச்சில் வெயிலுக்கு மங்குவதே.

ஆனால் ஐயா பள்ளி மாணவராக இருந்தபோது, 1978-இல் தீட்டிய ஒரு படமும் அதே சுவரில் அதே வெயிலில் இருந்தது. அதில் எந்த நிறமும் மங்கவில்லை. அந்த வண்ணங்கள் எவை தெரியுமா? சுவருக்கு அடிக்கும் காவிக்கல்லை உரைத்த தூள். வேட்டிக்குப் போடும் சலவை நீலப்பொடி. அகல் விளக்கின் கரி. மூன்றையும் வேலம்பிசினில் குழைத்திருந்தார். காவி இரும்பின் ஆக்சைடு. சலவை நீலப்பொடி அல்ட்ராமரின் என்னும் கனிம நிறமி. ஒரு காலத்தில் விலையுயர்ந்த நீலக்கல்லை அரைத்து எடுத்த அதே நீலம், 1820-களில் ஆலையில் செய்யும் வழி கண்டறியப்பட்டபின் மலிவானது. கரி கார்பன். மூன்றும் வெயிலுக்கு அஞ்சாதவை. காசில்லாத சிறுவன் வீட்டில் பொறுக்கிய நிறங்கள் நின்றன. காசு கொடுத்து வாங்கிய சிவப்பு நிற்கவில்லை.

"சிவப்பு போயிருச்சு தம்பி, கரடு நிக்குது" என்றார் ஐயா.

படத்தில்தான் நிற்கிறது. வெளியே இல்லை. 1996-இல் கரட்டில் கல்குவாரி தொடங்கிற்று. ஆண்டுவாரியாகப் படங்களை அடுக்கியபோது நான் அதைக் கண்ணால் கண்டேன். 1995 வரை ஒரே உருவம். 1998-இல் வலத்தோளில் ஒரு வெட்டு. 2004-இல் தோளே இல்லை. 2011-இல் கரட்டின் ஊடாகச் சிறுமலை தெரிகிறது. 2019-இல் கரடு ஒரு கோடு. ஒவ்வொரு படத்திலும் நீலம் கூடிக்கொண்டே வருகிறது. காவி குறைந்துகொண்டே வருகிறது. தினமும் பார்த்தவர்கள் நாங்கள். ஆயினும் கரைவது எங்கள் கண்ணில் படவில்லை.

இதில் நான் யாரையும் குறை சொல்ல எழுந்தவனல்லன். என் தந்தையார் அந்தக் குவாரியில் இருபது ஆண்டுகள் கல் உடைத்தவர். அந்தக் கூலியில்தான் எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் கல்லூரிக்கு வந்தேன். அந்த ஜல்லி சாலையாகிக் கிடக்கிறது; அதன்மேல் ஓடும் பேருந்தில்தான் தினமும் இங்கு வருகிறேன். இரண்டும் உண்மை.

1998-ஆம் ஆண்டுக் கரிக்கோல் படம் ஒன்றில், கல் அரைக்கும் எந்திரத்தின் தூசி மண்டலம் பாதித் தாளை மூடியிருக்கிறது. கீழே எறும்பளவில் நான்கைந்து ஆட்கள். "கரடு எவ்வளவு பெரிசுன்னு தெரியணுமே, அதுக்காகப் போட்டேன். இதுல ஒருத்தர் உங்க அப்பா" என்றார் ஐயா. எவர் என்று அவருக்கும் தெரியாது; எனக்கும் தெரியவில்லை.

அவரிடம் கேட்டு அந்தப் படத்தையும், 1978-ஆம் ஆண்டுப் படத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். அப்பா படித்தவரல்லர். படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். இது ஆனைப்பாறை. இது கழுகுப்பாறை. இந்த இடுக்கில் ஒரு சுனை. கோடையிலும் தண்ணீர் இருக்கும். இந்த மூலையில்தான் முதல் வெடி வைத்தார்கள். எனக்குக் காவிப் பூச்சாகத் தெரிந்த ஒவ்வொரு திட்டுக்கும் அவரிடம் ஒரு பெயர் இருந்தது. தம்மைத் தேடவே இல்லை.

மறுநாள் ஐயாவிடம் சொன்னேன். அவர் உடனே ஒரு பென்சிலை எடுத்துக் கொடுத்து, "படத்துக்குப் பின்னால எழுதிடு. பேனா வேண்டாம்" என்றார். எழுதினேன். கிராஃபைட் மங்காது.

முடிவாக

முதலாண்டில் துணைப்பாடமான தாவரவியல் குறிப்பேட்டில், நுண்ணோக்கியில் கண்ட தண்டுக் குறுக்குவெட்டை வரையாமல், புத்தகத்தில் இருந்ததைப் பார்த்து வரைந்தேன். மதிப்பெண்ணும் கிடைத்தது. என் வெட்டு கிழிந்திருந்தது. புத்தகத்து வெட்டு முழு வட்டமாக இருந்தது. மனத்தில் இருக்கும் மலையை வரையாதே என்று ஆறாம் வகுப்பில் கேட்ட பாடத்தைக் கல்லூரியில் மறந்தேன் என்பதை இங்கே வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். இந்த ஆண்டு அந்தத் தவற்றைச் செய்யவில்லை.

இன்று எல்லோர் கையிலும் கைப்பேசி உண்டு. நொடியில் படம் எடுக்கலாம். அது வேண்டாம் என்று ஐயாவும் சொல்வதில்லை. ஆனால் ஒரு பாறையை வரைய வேண்டுமென்றால் அரை மணி நேரம் அதையே பார்க்க வேண்டும். அந்த அரை மணிப் பார்வையே ஓவியம் தரும் முதல் பயன்.

மாணவ நண்பர்களே! நம் கல்லூரிக்கு எத்தனையோ ஊர்களிலிருந்து வருகிறோம். ஒவ்வோர் ஊரிலும் ஒரு கண்மாயோ கரடோ ஆலமரமோ இருக்கும். அடுத்த விடுமுறையில் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அதன் எதிரில் அமருங்கள். கோணலாக வந்தாலும் குற்றமில்லை. பின்புறம் ஊரும் நாளும் எழுதுங்கள். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு இடப்பெயர்களையும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு மலரில் அவற்றுக்கு நான்கு பக்கம் ஒதுக்குமாறு மலர்க் குழுப் பேராசிரியர்களைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

ஐயா இன்னும் வரைகிறார். குவாரி மூடப்பட்டுவிட்டது. வெட்டிய பள்ளத்தில் மழைநீர் தேங்கி ஆழ்ந்த குளமாக நிற்கிறது. சென்ற வாரம் போனபோது அதைத்தான் தீட்டிக்கொண்டிருந்தார். சிவப்பு வில்லையை இப்போது அவர் தொடுவதில்லை. மாலை வெயிலுக்கும் காவிக்கல்லையே உரைத்துக்கொள்கிறார்.